1942-ல் ஒரு பள்ளி மன்றம் நடத்துவது எப்படி? போர்க்கால அமெரிக்க மாணவர்களின் வேலைமுறை, படிப்படியாக

இந்த வழிகாட்டி 80 ஆண்டு தாமதமாக வருகிறது. இதைப் படித்துவிட்டு இன்று யாரும் போருக்கு உதவப் போவதில்லை. அப்புறம் எதற்கு எழுதுகிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விதான் காரணம்.

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியர். ஒரு வருடம் இரண்டாம் உலகப் போரை எடுத்துக்கொண்டோம். டாங்கி, நீர்மூழ்கி, ஹிட்லர் மீசை எல்லாம் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "அதெல்லாம் சரி சார், அப்போ எங்க வயசுப் பசங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்று அவள் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடப் போன இடத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மன்றங்கள் அகப்பட்டன.

சண்டை நடக்கும் இடம் களம் என்றால், அதற்குச் சோறும் துணியும் இரும்பும் காசும் அனுப்புகிற ஊர்களைப் பின்களம் எனலாம். லண்டன் பிள்ளைகளைப் போல அமெரிக்கப் பிள்ளைகள் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தது, பாடம் நடந்தது, சாயங்காலம் மன்றம் கூடியது. அதனாலேயே அங்கே ஒழுங்கான ஒரு வேலைமுறை வளர்ந்தது.

அந்த வேலைகளில் சிலவற்றை ஒரு பருவம் முழுக்க நாங்களும் செய்து பார்த்தோம். எங்கள் சறுக்கல்களும் கீழே ஆங்காங்கே வரும். உங்கள் பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சியோ செயல்திட்டமோ செய்வதாக இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், 1942 அக்டோபரில் ஒரு சின்ன அமெரிக்க ஊரின் பள்ளியில் நீங்கள் மன்றச் செயலாளர் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி, அமெரிக்கா போரில் இறங்கி பத்து மாதம் ஆகிறது. போன வருடம் உங்களோடு கால்பந்து ஆடிய அண்ணன்மார் பலர் இப்போது சீருடையில் இருக்கிறார்கள்.

படி 1: எந்தக் குடையின் கீழ் நிற்கப் போகிறீர்கள்?

தனியாக ஒரு மன்றம் தொடங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பொருளை எடுத்துப் போக லாரியும் கொண்டு சேர்க்க முகவரியும் வேண்டும் என்றால், மேலே ஒரு பெரிய அமைப்பு இருப்பது நல்லது. 1942-ல் உங்கள் முன் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று ஜூனியர் ரெட் கிராஸ். இது முதல் உலகப் போரின்போதே, 1917 செப்டம்பரில், அதிபர் உட்ரோ வில்சன் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுத்த அழைப்போடு தொடங்கியது. ஆகவே உங்கள் அம்மாவே பள்ளியில் இதற்காகக் கம்பளி பின்னியிருக்கலாம். மருத்துவமனையில் படுத்திருக்கும் வீரர்களுக்குப் போர்வை, செருப்பு, சதுரங்க அட்டை, சாப்பாட்டுத் தட்டில் வைக்கிற சின்ன அலங்காரம், இப்படிக் கைவேலைதான் பெரும்பாலும். கண்டபடி பின்னக் கூடாது. ரெட் கிராஸ் கொடுக்கிற அளவும் முறையும் உண்டு.

இன்னொன்று புத்தம் புதியது: ஹை ஸ்கூல் விக்டரி கோர். 1942 செப்டம்பர் கடைசியில் மத்தியக் கல்வி அலுவலகம் அறிவித்தது. முதல் உலகப் போரின் விமான வீரர் எடி ரிக்கன்பாக்கர் இதன் கொள்கைக் குழுத் தலைவர். சேர விரும்பும் மாணவர் உடற்பயிற்சித் திட்டத்தில் இருக்க வேண்டும், போருக்குப் பயன்படும் ஒரு பாடமாவது படிக்க வேண்டும், ஒரு போர்க்காலச் சேவையிலாவது ஈடுபட வேண்டும். பெரிய வகுப்பு மாணவர்களுக்கு ஐந்து பிரிவுகள்: வான், தரை, கடல், உற்பத்தி, சமூகச் சேவை.

என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் எடுப்பேன். விக்டரி கோரில் அணிவகுப்பும் சின்னமும் கொஞ்சம் தூக்கல். பையன்களை எப்போது 18 ஆகும் என்று காத்திருக்க வைக்கிற ஒரு வாசனையும் அதில் அடிக்கிறது. வெறும் சந்தேகம் இல்லை: ராணுவத்துக்கு அழைக்கும் குறைந்தபட்ச வயது 1942 நவம்பரில் 20-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. விக்டரி கோரும் நீண்ட நாள் நிற்கவில்லை, 1944-ல் அதை முடித்துக்கொண்டார்கள். ஜூனியர் ரெட் கிராஸோ போர் முடிந்த பிறகும் தொடர்ந்தது.

படி 2: சேர்ப்பதற்கு முன், வாங்குபவரைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1941 ஜூலையில், அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம், வீடுவீடாக அலுமினியப் பாத்திரம் கேட்டார்கள். விமானம் செய்யப் போகிறோம் என்றதும் ஜனங்கள் சட்டியும் பானையுமாகத் தெருவில் கொண்டுவந்து குவித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, விமானத்துக்குப் புதிதாக உருக்கிய சுத்த அலுமினியம் வேண்டும், கஞ்சி காய்ச்சிய பாத்திரம் ஆகாது என்று. கடைசியில் அந்த அலுமினியம் மறுபடியும் பாத்திரமாகவே கடைக்கு வந்தது, கொடுத்தவர்களே காசு கொடுத்து வாங்கினார்கள் என்ற கேலி நெடுநாள் ஓடியது. 1942-ன் முற்பகுதியில் பழைய காகிதத்துக்கும் இதே கதி. பிள்ளைகள் மலைமலையாகச் சேர்த்துவிட்டார்கள், ஆலைகளால் வாங்கி மாளவில்லை, போதும் நிறுத்துங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டே காகிதத் தட்டுப்பாடு வந்து, மறுபடியும் கொடுங்கள் என்று கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

நாங்கள் இதையெல்லாம் படித்த பிறகும் அதே தப்பைச் செய்தோம். மூன்று வாரம் பழைய செய்தித்தாள் சேர்த்தோம். மன்ற அறை நிரம்பி, தாழ்வாரத்தில் அடுக்கினோம். சனிக்கிழமை ராத்திரி மழை. திங்கட்கிழமை வந்த பழைய பேப்பர் கடை அண்ணாச்சி ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார், விரலால் அழுத்தினார். "ஈரம் இருக்கு சார், எடை கூடக் காட்டும், நான் எடுக்க முடியாது" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டார். காய வைத்துக் கொடுப்பதற்குள் பிள்ளைகளில் பாதிப் பேர் மன்றத்தை விட்டே விலகிவிட்டார்கள்.

எனவே முதல் கூட்டத்தில் கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதிப் போடுங்கள். இதை யார் எடுத்துக்கொள்வார்? என்றைக்கு வண்டி வரும்? எந்த நிலையில் கேட்கிறார், கழுவியா, கட்டியா, உலர்த்தியா? அது வரை மழை படாமல் எங்கே வைப்பது? நான்குக்கும் பதில் கிடைக்காத பொருளைத் தொடாதீர்கள்.

படி 3: ஸ்டாம்ப் மேசை

வாரம் ஒரு நாள், காலையில், மதிய உணவுக்கூடத்தின் வாசலில் ஒரு மேசை. ஒருவர் காசு வாங்க, ஒருவர் ஸ்டாம்ப் கிழிக்க, ஒருவர் பேரேட்டில் எழுத. மூன்று பேருக்குக் குறைந்தால் கணக்கு உதைக்கும்.

விற்பது போர்ச் சேமிப்பு ஸ்டாம்ப். 10 சென்ட்டிலிருந்து 5 டாலர் வரை உண்டு. பிள்ளைகள் வாங்குவது 10 சென்ட்டும் 25 சென்ட்டும்தான். ஸ்டாம்ப் ஒட்ட ஒரு சின்னப் புத்தகம் இலவசம். 25 சென்ட் ஸ்டாம்ப் 75 ஒட்டினால் 18 டாலர் 75 சென்ட். அதைக் கொடுத்தால் ஒரு போர்க்கடன் பத்திரம் கிடைக்கும். பத்து வருடம் பொறுத்தால் அது 25 டாலர். 10 சென்ட் ஸ்டாம்ப் ஒட்டுகிற பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 187 ஒட்டினாலும் 18 டாலர் 70 சென்ட்தான் ஆகும், மிச்சம் 5 சென்ட்டைக் காசாகக் கொண்டுவர வேண்டும் என்று. சொல்லாவிட்டால் கடைசி நாளில் மேசையில் ஒரு பிள்ளை அழும்.

1942 இலையுதிர்காலத்தில் நிதித்துறை 'போரில் பள்ளிகள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்களில் 90 சதவீதம் பேர் வாங்கும் பள்ளிக்கு ஒரு கொடி, அதில் மினிட்மேன் என்கிற விடுதலைப் போர்க் காலக் குடியானவ வீரனின் உருவம். கொடிக்கு ஆசைப்பட்டு நெருக்காதீர்கள் என்பேன். பத்து சென்ட் கூட இல்லாத பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். சுவரில் பெயர் போட்டு யார் யார் வாங்கவில்லை என்று காட்டுவதைவிட, வகுப்புக்கு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் எழுதுவது மேல்.

பெரிதாக யோசிக்க விரும்பினால், பள்ளி ஒரு ஜீப்பையோ விமானத்தையோ இலக்காக வைத்துப் பத்திரம் விற்கலாம். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸில் சவுத் ஹை ஸ்கூல் மாணவர்கள் 3,75,000 டாலருக்குப் பத்திரம் விற்று, ஒரு பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கான தொகையைக் காட்டினார்கள். விமானத்துக்கு 'சவுத் ஹையின் ஆன்மா' என்று பெயர் வைக்கப்பட்டது. பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு படித்த பள்ளி அது. அந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம், 10 சென்ட்டுகளால் மட்டும் அது சேரவில்லை. அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லோரிடமும் பிள்ளைகள் பத்திரம் விற்றார்கள். மன்றத்துக்கு விற்பனையாளர் வேண்டும் என்றால் வாயாடிகளைத் தேடுங்கள். முதல் மார்க் வாங்குபவர் இதற்குச் சரிப்பட மாட்டார்.

பள்ளி நடன விருந்துக்குப் பெண்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பூங்கொத்தையும் விடவில்லை. பூவுக்குப் பதில் ஸ்டாம்ப்பை மடித்துச் செருகிக் கொத்து கட்டினார்கள். விருந்து முடிந்ததும் பிரித்துப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

படி 4: தகரம், ரப்பர், கொழுப்பு

ஏன் இதெல்லாம் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரு வரைபடத்தை வைத்துச் சொல்லுங்கள். ஜப்பான் 1942 தொடக்கத்தில் மலாயாவையும், பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரையும், மார்ச்சில் ஜாவாவையும் பிடித்தது. அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியச் சரக்கு. அது நின்றது. வெள்ளீயமும் நின்றது. நமக்கு இந்த வரைபடம் அந்நியம் இல்லை. மலாயா ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். தோட்ட வேலை நின்றபின் அவர்களில் பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். ஒஹாயோவில் ஒரு பையன் பழைய சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு போனதற்கும் இதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

ரப்பருக்குப் பெரிய முகாம் 1942 ஜூன் 15-ல் தொடங்கியது. பெட்ரோல் பங்கில் கொடுத்தால் ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட். மழைக்கோட்டு, தோட்டக் குழாய், கால்மிதி எல்லாம் வந்து, சுமார் 4,50,000 டன் சேர்ந்தது. அடுத்து இரும்பு. அந்தக் கோடையில் நெப்ராஸ்கா மாநிலம் ஒரு போட்டியே நடத்தியது. ஓமஹா வேர்ல்டு ஹெரால்டு நாளிதழின் வெளியீட்டாளர் ஹென்றி டூர்லி பரிசு அறிவித்தார், மாவட்டத்துக்கு மாவட்டம் மோதிக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் தலைக்கு நூறு பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதைப் பார்த்துத்தான் இலையுதிர்காலத்தில் நாடு முழுக்க நாளிதழ்கள் இரும்பு வேட்டையில் இறங்கின, பள்ளிகளும் கூடச் சேர்ந்தன. போட்டி வைத்தால் வேலை நடக்கும் என்பது இங்கே நிரூபணம். ஆனால் வைத்த வேலியும் வாசல் மணியும் காணாமல் போகும் ஆபத்தும் உண்டு. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

தகர டப்பா பார்க்க எளிது, செய்யச் சிரமம். டப்பா முழுக்க இரும்பு, மேலே மெல்லிசாக வெள்ளீயப் பூச்சு. அந்தப் பூச்சைப் பிரித்தெடுக்கத்தான் கேட்கிறார்கள். நான்கு வேலை: கழுவ வேண்டும், மேலே ஒட்டிய தாளை உரிக்க வேண்டும், இரண்டு பக்க மூடியையும் வெட்டி உள்ளே போட வேண்டும், காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும்.

நாங்கள் ரசகுல்லா டப்பாக்களில் முயன்றோம். மேல் மூடி சுலபமாக வந்தது. அடி மூடியைத் திறக்கிற கருவி விளிம்பில் பிடிக்காமல் வழுக்கியது. ஒரு மாணவன் சுத்தியலும் ஆணியும் கொண்டு ஓட்டை ஓட்டையாகக் குத்தி எடுத்தான், விளிம்பு ரம்பம் மாதிரி ஆனது, கட்டைவிரலில் மூன்று தையல். ஜீராவைச் சரியாகக் கழுவாத டப்பாக்களில் மறுநாள் எறும்பு. தலைமையாசிரியர் அறை வரை வரிசை கட்டிப் போயிற்று. அன்றைய வீட்டுப் பெண்கள் இதைத் தினமும் செய்தார்கள் என்பதை அந்த எறும்பு வரிசை எனக்குப் புரிய வைத்த அளவுக்கு எந்தப் புள்ளிவிவரமும் புரிய வைக்கவில்லை. நீங்கள் செய்தால் தடித்த கையுறையும், இரண்டு பக்கமும் திறக்கும் கருவியும் முதலில் வாங்குங்கள். மிதிக்கும்போது பூட்ஸ் போடுங்கள், செருப்பு கூடாது.

சமையல் கொழுப்பு பற்றிச் சுருக்கமாக: வறுத்து மிஞ்சிய கொழுப்பை வடிகட்டி டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுத்தால் பவுண்டுக்கு 4 சென்ட். பின்னாளில் ரேஷன் புள்ளிகளும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. மன்றம் இதைச் சேர்க்க வேண்டாம், நாறும். வீடுகளுக்குத் துண்டுச்சீட்டு கொடுத்து நினைவூட்டினால் போதும்.

படி 5: கறுப்பு விமானங்கள்

மன்ற வேலைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது. 1942-ன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை உயர்நிலைப் பள்ளிகளிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் கேட்டது. விளையாட்டுக்கு இல்லை. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று நொடியில் சொல்லத் தெரியாத பீரங்கி வீரன் தன் ஆளையே சுட்டுவிடுவான். அந்தப் பயிற்சிக்கு மாதிரி வேண்டும். 50 வகை விமானம், வகைக்கு 10,000.

அளவு 72-ல் ஒன்று. ஜப்பானின் ஜீரோ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி ஆறரை அங்குலம் வரும், பி-17-க்குப் பதினேழே கால். ஏன் 72 என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மாதிரியை 35 அடி தூரத்தில் தூக்கிப் பிடித்தால், 35 பெருக்கல் 72, அதாவது 2,520 அடி. கிட்டத்தட்ட அரை மைலில் நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். எங்கள் கணக்கு டீச்சர் இந்த ஒரு வரிக்காகவே மன்றக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்.

கடற்படை வரைபடம் அனுப்பும். முதலில் அதிலிருந்து அட்டையில் டெம்ப்ளேட் வெட்டுங்கள்: பக்கவாட்டுக்கு ஒன்று, மேலிருந்து பார்க்கிற வடிவத்துக்கு ஒன்று, உடலின் குறுக்குவெட்டுகளுக்குச் சில. பைன் போல மென்மையான மரத்தில் உடலைச் செதுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் அட்டையைப் பொருத்திப் பாருங்கள். வெளிச்சம் இடையில் கசிந்தால் அட்டையில் முட்டுகிற மேட்டை இன்னும் தேய்க்க வேண்டும். எங்கும் கசியாமல் பொருந்தினால் சரி. இறக்கையும் வாலும் தனியாகச் செய்து ஒட்டுவது. கடைசியில் முழுக்கக் கறுப்பு வண்ணம். நட்சத்திரம், எண், கண்ணாடி எதுவும் வரையக் கூடாது, ஏனென்றால் தூரத்தில் தெரிவது நிழல் வடிவம் மட்டுமே. பையன்கள் இங்கேதான் சண்டை போடுவார்கள், எங்களிடமும் போட்டார்கள். "ஒரு சின்ன நட்சத்திரம் சார்!" கூடாது.

அளவு தவறிய மாதிரி திரும்பி வந்துவிடும். தேறியவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பதவிப் பெயர்களோடு சான்றிதழ். நாங்கள் ஒன்பது மாதிரி செய்தோம், எங்கள் டெம்ப்ளேட்டில் சரியாக உட்கார்ந்தது இரண்டு. பள்ளித் தச்சுப் பட்டறையில் பதினைந்து வயதுப் பையன்கள் இதைக் கடற்படை ஏற்கும் தரத்தில் செய்தார்கள் என்பது அதற்குப் பிறகு எனக்கு மலைப்பாக இருக்கிறது. படி 2-ல் சொன்னதும் இங்கே பொருந்தி வருவதைக் கவனியுங்கள்: எத்தனை, எந்த அளவு, யாருக்கு என்று கேட்டவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

படி 6: இலவம் பஞ்சு வராததால் எருக்கின் உறவுக்காரச் செடி

இது 1944 இலையுதிர்காலத்து வேலை. உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்குள் அதுவரை அடைத்தது இலவம் பஞ்சு, ஆம், நம் தலையணையில் இருக்கிற அதே பஞ்சு. இழை உள்ளே குழலாகவும் மேலே மெழுகுப் பூச்சோடும் இருப்பதால் தண்ணீர் ஏறாமல் மிதக்கும். அதுவும் ஜாவாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஜாவா போனதும், வயலோரக் களையான மில்க்வீடு செடியின் காய்ப் பஞ்சு மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இது எருக்கின் குடும்பம். ஒடித்தால் பால், காய் வெடித்தால் வெள்ளிப் பட்டு மாதிரிப் பஞ்சு.

பயிரிட நேரம் இல்லை, பறிக்க ஆள் இல்லை. ஆகவே பள்ளிப் பிள்ளைகள். முழக்கம் 'இரண்டு பை, ஓர் உயிர்'. இரண்டு வெங்காயச் சாக்குக் காயில் ஒரு மிதவைச் சட்டை. சாக்குக்கு 15 சென்ட், உலர்த்திக் கொடுத்தால் மேலும் 5. பஞ்சு பிரிக்கும் ஆலை மிச்சிகனின் பெட்டாஸ்கி ஊரில்.

காயைப் பறிப்பதில் ஒரு பதம் உண்டு. பச்சைக் காயைப் பறித்தால் பஞ்சு முற்றியிருக்காது, விட்டுவைத்தால் வெடித்துக் காற்றில் போகும். இலவு காத்த கிளி கதைதான். ஒரு காயைப் பிளந்து பாருங்கள்: விதை பழுப்பாக இருந்தால் அந்த மேடு முழுக்கப் பறிக்கலாம், வெளுப்பாக இருந்தால் ஒரு வாரம் கழித்து வாருங்கள். பறித்ததை வலைச் சாக்கில் முக்கால் பங்குக்குப் போட்டு, பள்ளி வேலியில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். காற்று நுழைய வேண்டும்.

ஏன் வலைச் சாக்கு என்று கேட்டு, நாங்கள் எருக்கங்காயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் நாள் அவிழ்த்தபோது புளித்த வாடை, காய் மேல் சாம்பல் பூசணம், பஞ்சு நனைந்த தலைமுடி மாதிரி ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் வெங்காயச் சாக்கில் தொங்கியவை காய்ந்து தானாக வாய் திறந்திருந்தன. அதில் ஒரு பிடிப் பஞ்சைத் துணியில் முடிந்து வாளித் தண்ணீரில் போட்டோம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோதும் மிதந்துகொண்டிருந்தது. நீங்கள் எருக்கை வைத்துச் செய்தால் ஓர் எச்சரிக்கை: அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி, அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், மூன்றும் கட்டாயம். சின்ன வகுப்புப் பிள்ளைகளை இதற்கு அழைத்துப் போகாதீர்கள்.

படி 7: தோட்டமும் அறுவடையும்

பள்ளி மைதானத்தின் ஓரத்தில் வெற்றித் தோட்டம் போடலாம். 1943-ல் நாடு முழுக்கச் சுமார் 2 கோடி தோட்டங்கள் இருந்ததாகக் கணக்கு. பீன்ஸ், தக்காளி, முட்டைக்கோஸ் போதும். கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் மே மாதத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், பள்ளித் தோட்டங்கள் எல்லாம் செத்துப்போவது அங்கேதான். பண்ணை ஆட்கள் ராணுவத்துக்குப் போய்விட்டதால், 1943 முதல் விக்டரி ஃபார்ம் வாலன்டியர்ஸ் என்ற பெயரில் பதின்வயதுப் பிள்ளைகளை வயல் வேலைக்கும் அனுப்பினார்கள். கூலி உண்டு. பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், பண்ணையில் தங்கும் இடத்தை ஆசிரியர் ஒருவர் முன்னால் போய்ப் பார்க்கட்டும்.

படி 8: பதிவேடு, கடிதம், கொடி

மன்றத்துக்கு இரண்டு பதிவேடு. ஒன்று பொருளுக்கும் காசுக்கும். இன்னொன்று, பள்ளியிலிருந்து படைக்குப் போனவர்களின் பெயரும் முகவரியும். பள்ளி இதழ் வந்ததும் அந்த முகவரிகளுக்கு ஒரு பிரதி. கடிதத்தில் ஊர்ச் செய்தி, யார் கோல் அடித்தார், எந்த ஆசிரியருக்குக் கல்யாணம் என்று எழுதுங்கள். வீரம், தியாகம் பற்றிய உபதேசம் வேண்டாம், அதை அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேப்பர் தட்டுப்பாடு, ஆகவே இரண்டு பக்கமும் எழுதுங்கள். வி-மெயில் என்றால் மட்டும் ஒரே பக்கம், கறுப்பு மசியில், தெளிவாக. அதைப் படம் பிடித்துச் சின்ன ஃபிலிமாக்கி, கடல் தாண்டியதும் மறுபடி தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள், மங்கலான எழுத்து காணாமல் போகும்.

கூடத்தில் சேவைக் கொடி: படையில் இருப்பவருக்கு நீல நட்சத்திரம், இறந்தவருக்குத் தங்க நட்சத்திரம். நீலத்தைத் தைப்பது மன்றத்தின் வேலை. அதன் மேல் தங்கம் வைத்துத் தைக்கும் நாளில் யார் தைப்பது என்று முதலிலேயே ஓர் ஆசிரியரிடம் பேசி வையுங்கள். தம்பி தங்கை அதே பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

படி 9: பட்டியலில் இல்லாத பெயர்கள்

இந்த மன்றங்களைப் பற்றிய நினைவுகள் பொதுவாக இனிப்பாகவே இருக்கும். செயல்திட்டம் செய்கிறவர்கள் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ம் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். கலிபோர்னியப் பள்ளிகளில் படிப்பாண்டு முடிவதற்குள் வகுப்பிலிருந்து பிள்ளைகள் காணாமல் போனார்கள்.

முகாம்களுக்குள்ளும் உயர்நிலைப் பள்ளிகள் நடந்தன. மன்சனார், டோபாஸ், போஸ்டன் (இது அரிசோனாவில், பெரிய நகரமான பாஸ்டன் இல்லை) என்று பாலைவனங்களின் நடுவே, முள்வேலிக்குள். அங்கேயும் பிள்ளைகள் மன்றங்கள் நடத்தினார்கள், தோட்டம் போட்டார்கள், போர் ஸ்டாம்ப் வாங்கினார்கள். கொலராடோவின் அமாச்சி முகாமில் இருந்த அச்சுப் பட்டறை அமெரிக்கக் கடற்படைக்கே சுவரொட்டிகள் அச்சிட்டுக் கொடுத்தது.

இதைச் செய்முறையாக மாற்றுவது எப்படி? நாங்கள் செய்தது இது: கண்காட்சியில் அந்தக் கால மன்றக் கூட்டத்தை நாடகமாக நடித்துக் காட்டினோம். அதில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது, ஆறு பெயருக்குப் பதில் வராது. வாசிப்பவர் நிறுத்தாமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். விளக்கம் எதுவும் வைக்கவில்லை. கண்காட்சிக்கு வந்த பெற்றோரில் சிலர் மட்டும் கவனித்துக் கேட்டார்கள்.

படி 10: மன்றத்தை மூடுவது

1945 ஆகஸ்டில் போர் முடிந்ததும் கூட்டத்துக்கு ஆள் வராது. வேலியில் தொங்கும் சாக்கு, பட்டறையில் பாதி செதுக்கிய விமானம், பெட்டியில் கசங்கிய ரசீது எல்லாம் செயலாளர் தலையில் விழும். பொருளைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்து, பொறுப்பாசிரியர் கையெழுத்தோடு நூலகத்தில் வையுங்கள்.

கடைசியில் ஸ்டாம்ப் மேசையின் இழுப்பறையைப் பாருங்கள். பத்திரமாகச் சேராத, பாதி ஒட்டிய புத்தகங்கள் சில கிடக்கும். தொலையாமல் இருக்கட்டும் என்று மேசையில் விட்டுப் போனவை, நடுவில் படிப்பை முடித்துக்கொண்டு 18 வயதில் கிளம்பிப் போனவர்களுடையவை. எத்தனை ஸ்டாம்ப் இருக்கிறதோ அத்தனைக்கும் காசு உண்டு, பாதி என்பதால் செல்லாமல் போகாது. முதலில் பெயரைக் கொடியில் இருக்கும் நட்சத்திரங்களோடு ஒத்துப் பாருங்கள். நீலமாக இருந்தால் தபாலில் அனுப்பலாம். தங்கமாக இருந்தால் அந்த வீட்டுக்கு நேரில் எடுத்துக்கொண்டு போங்கள்.